பெரிய கிரகோரியார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

590 முதல் 604 வரை ரோமில் போப்பாண்டவராக இருந்தவர் முதலாம் கிரகோரி. பங்குத்தந்தை பிரசங்கத்திலோ மறைக்கல்வி வகுப்பிலோ இவர் பெயர் வந்தால் கூடவே ஒரு புறாவும் ஒரு தேவதூதரும் வந்துவிடுவார்கள். ஆனால் இவர் அனுப்பிய கடிதங்களில் சுமார் 850 இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்து மனிதர் வேறு எவரையும் இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்க முடியாது. கதை ஒன்று சொல்லி, கடிதம் வேறொன்று சொன்னால், நான் கடிதத்தின் பக்கம். கீழே உள்ள பதில்களை அப்படியே படிக்க வேண்டுகிறேன்.

காலண்டருக்குப் பெயர் கொடுத்த கிரகோரி இவர்தானா?

இல்லை. கிரகோரியன் நாட்காட்டி 1582-இல் பதின்மூன்றாம் கிரகோரி கொண்டுவந்தது. இருவருக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்.

பிராங்கியரின் வரலாற்றை எழுதிய கிரகோரி?

அவரும் வேறு ஆள். இன்றைய பிரான்சில் இருக்கும் தூர் நகரின் ஆயர், இவருடைய சமகாலத்தவர். புனித தோமையாரின் உடல் முதலில் வைக்கப்பட்டிருந்த இந்தியத் தலத்துக்குப் போய்வந்த தெயோதோர் என்பவர் சொன்னதை எழுதிவைத்தவர் அந்தக் கிரகோரிதான். மயிலாப்பூர் பற்றிய பேச்சில் அடிபடும் பெயர் அவருடையது. நம் கிரகோரியாரைப் பற்றியும் அவர் ஒரு நல்ல சாட்சி. கொள்ளைநோய்க் கேள்வியில் அவரைச் சந்திப்போம்.

இவர் எந்தக் குடும்பத்துப் பிள்ளை?

ரோமின் சேலியன் குன்றில் பெரிய வீடு, சிசிலியில் நிலபுலன், முன்னோர் வரிசையில் ஒரு போப் (மூன்றாம் பெலிக்ஸ்). தந்தை கோர்தியானுஸ், தாய் சில்வியா. பிறந்தது 540 வாக்கில். அத்தைமார் மூவர் வீட்டிலேயே தவ வாழ்க்கை மேற்கொண்டார்கள். இருவர் கடைசிவரை நின்றார்கள், மூன்றாமவர் தன் நிலத்தைக் கவனித்துவந்த காரியஸ்தரையே கல்யாணம் செய்துகொண்டார். இந்தக் குடும்பச் சங்கதியைக் கிரகோரியாரே மக்களுக்கு முன்னால் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். ஊர் வாயை மூட முடியாது, நாமே சொல்லிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் பிறந்த காலத்து ரோம் எப்படி இருந்தது?

பேரரசின் தலைநகரம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் சித்திரத்தை அழித்துவிட வேண்டும். பேரரசர் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்தார். இத்தாலியை கோத்துகளிடமிருந்து மீட்க அவர் தொடங்கிய போர் 535 முதல் சுமார் இருபது ஆண்டு நடந்தது. ரோம் பலமுறை கைமாறியது. 546-இல் கோத் அரசன் தோத்திலா நகரைப் பிடித்து, மிச்சமிருந்த மக்களை வெளியேற்றினான். சில வாரங்கள் ரோமில் ஆளரவமே இல்லை என்று எழுதுகிறார்கள். குன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரிய நீர்ப்பாலங்கள் முற்றுகையில் வெட்டப்பட்டன. நடுவில் 540-களின் கொள்ளைநோய் வேறு.

போர் முடிந்து மூச்சுவிடுவதற்குள், 568-இல் லொம்பார்டியர் என்ற ஜெர்மானிய இனத்தார் வடக்கேயிருந்து இறங்கினார்கள். பேரரசின் ஆளுநர் ரவேன்னாவில் சதுப்புநிலங்களுக்கு நடுவே பாதுகாப்பாக இருந்துகொண்டார். ரோம் தன்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கிரகோரியார் செய்த எதையும் இந்தப் பின்னணியை விட்டுப் படித்தால் பிடிபடாது.

துறவியாவதற்கு முன்னால் அரசு அதிகாரியாக இருந்தாராமே?

ஆம். 573 வாக்கில் நகர ஆளுநர் பதவியில் இருந்தார். ரோமின் சிவில் நிர்வாகத்தில் அதுதான் உச்சி. தானியம், காவல், வழக்கு, மராமத்து எல்லாம் அந்தப் பதவியைச் சேர்ந்த வேலைகள். ஓரிரு ஆண்டில் அதை விட்டார். தந்தை வீட்டைப் புனித அந்திரேயா மடமாக்கினார், சிசிலி நிலங்களில் ஆறு மடங்கள் நிறுவினார், மீதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அந்த வீட்டிலேயே சாதாரணத் துறவியாக அமர்ந்தார். பிற்காலத்தில் அந்த மடத்து நாட்களை நினைத்து ஏங்காத கடிதம் குறைவு. துறவு மடத்திலிருந்து போப்பானவர்களில் இவரே முதல்வர் என்று சொல்வது வழக்கம்.

அவர் விட்டுவந்த நிர்வாகம் அவரை விடவில்லை. 579-இல் அப்போதைய போப் இரண்டாம் பெலாஜியுஸ் இவரைத் திருத்தொண்டராக்கி, கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூதராக அனுப்பினார். லொம்பார்டியருக்கு எதிராகப் படை கேட்பது முக்கிய வேலை. பேரரசுக்குப் பாரசீகத்தோடு போர், படை வரவில்லை.

கான்ஸ்டான்டிநோபிளில் அத்தனை ஆண்டு என்ன செய்தார்?

கூட வந்த துறவிகளுக்கு யோபு நூலை விளக்கிக்கொண்டிருந்தார். அதுவே பின்னாளில் 35 புத்தகங்களாக விரிந்த ‘மொராலியா’. கிரேக்கம் தனக்குத் தெரியாது என்று அவரே சொல்கிறார். கிரேக்கம் பேசும் தலைநகரில் ஆறேழு ஆண்டு இருந்தவர் அதைக் கற்காமலே திரும்பினார் என்பது கொஞ்சம் பிடிவாதம்தான்.

கற்காவிட்டாலும் வாதத்துக்குக் குறைவில்லை. உயிர்த்தெழும் உடல் காற்றைவிட நுண்ணியது, தொட முடியாதது என்று அந்நகரத் திருச்சபையின் தலைவரான குலப்பிதா எவுத்திகியுஸ் எழுதினார். ‘என்னைத் தொட்டுப் பாருங்கள்’ என்று உயிர்த்த கிறிஸ்து சொன்னதை எடுத்துக்காட்டி கிரகோரியார் மறுத்தார். பேரரசர் இருவரையும் கேட்டுவிட்டு, குலப்பிதாவின் நூலை எரிக்கச் சொன்னார். 582-இல் எவுத்திகியுஸ் சாகும் தறுவாயில் தன் கைத்தோலைப் பிடித்துக் காட்டி, ‘இந்த உடலில்தான் நாம் எல்லாரும் எழுவோம்’ என்று சொன்னாராம். சொல்பவர் வென்ற தரப்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

போப்பாக அவருக்கு விருப்பமில்லை என்பது உண்மையா, அடக்கத்துக்குச் சொன்னதா?

589 இறுதியில் டைபர் நதி பெருக்கெடுத்துத் திருச்சபையின் தானியக் களஞ்சியங்களை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்ததும் கொள்ளைநோய். 590 பிப்ரவரியில் பெலாஜியுஸையே அது கொண்டுபோனது. மக்கள் கிரகோரியாரைத் தேர்ந்தார்கள். அந்நாளில் தேர்வு செல்லுபடியாகப் பேரரசரின் சம்மதம் வேண்டும். ‘சம்மதம் தராதீர்கள்’ என்று இவர் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். நகர ஆளுநர் அந்தக் கடிதத்தை வழியிலேயே மறித்து, மக்களின் தேர்வுச் செய்தியை மட்டும் அனுப்பிவைத்தார். செப்டம்பர் 3 அன்று பதவியேற்பு.

அதன் பிறகு அவர் எழுதிய கடிதங்களில், ஓட்டைக் கப்பலின் சுக்கான் என் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. பதவியிலிருந்து ஒளிந்து ஓடப் பார்த்ததைக் கண்டித்த ஓர் ஆயருக்குப் பதிலாகத்தான் ‘மேய்ப்புப் பணி விதி’ என்ற நூலையே எழுதினார். நடிப்பாக இருந்தால் இவ்வளவு நீளம் தாங்காது என்பது என் எண்ணம்.

தேவதூதர் வாளை உறையில் போட்டதும் கொள்ளைநோய் நின்றதாமே?

அது பிற்காலத்துக் கதை. பேரரசர் ஹாட்ரியனின் கல்லறை மாளிகைக்கு ‘சாந்த் ஆஞ்செலோ கோட்டை’ என்ற பெயர் நிலைக்க அந்தக் கதை காரணம். உச்சியில் இன்றும் தேவதூதர் சிலை நிற்கிறது.

நடந்தது இதைவிடக் கனமானது. நகர மக்களை ஏழு பிரிவாக்கி, ஏழு கோவில்களிலிருந்து புறப்பட்டு மரியன்னையின் பெருங்கோவிலில் கூடும்படி ஒரு மன்றாட்டுப் பவனியைக் கிரகோரியார் ஏற்பாடு செய்தார். தூர் நகர் ஆயருடைய திருத்தொண்டர் ஒருவர் அப்போது ரோமில் இருந்தார். பவனியில் வேண்டிக்கொண்டு நடந்தபடியே ஒரு மணி நேரத்தில் எண்பது பேர் விழுந்து இறந்தார்கள் என்றும், கிரகோரியார் வேண்டுதலை நிறுத்தவிடவில்லை என்றும் அவர் ஊர் திரும்பிச் சொன்னார். வாளோடு தேவதூதர் எவரையும் அவர் பார்க்கவில்லை.

‘கணக்குப்பிள்ளை போப்’ என்று சிலர் சொல்வது ஏன்?

கேலியாகச் சொன்னாலும், இதைவிடப் பொருத்தமான பட்டம் அவருக்கு இல்லை.

ரோமைத் திருச்சபை காப்பாற்றியது நிலத்தை வைத்து. சிசிலி, தென்னித்தாலி, சார்தீனியா, கோர்சிகா, தால்மாத்தியா, கால் நாடு (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் பக்தர்கள் எழுதிவைத்த பண்ணைகள் இருந்தன. ‘புனித பேதுருவின் சொத்து’ என்று பெயர். இவற்றில் சிசிலிதான் பெரிது. ரோமின் சோறு அங்கேயிருந்துதான் கப்பலில் வந்தது. கிரகோரியார் பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பேதுரு என்ற துணைத்திருத்தொண்டரைச் சிசிலிக் காரியஸ்தராக அனுப்பியது. அவருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் நம் ஊர்ப் பண்ணைக் கணக்குகளின் வாடை அடிக்கும்.

591-இல் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று. விளைச்சல் அதிகமான ஆண்டில் குடியானவரின் தானியத்தை அடிமாட்டு விலைக்கு எடுக்கிறார்களாம். சந்தை விலை எதுவோ அதையே கொடு. ‘மோதியுஸ்’ என்ற மரக்காலைப் பெரிதாக்கி அளக்கிறார்களாம். 18 படிக்கு மேல் பிடிக்கும் மரக்கால் எதுவும் புழங்கக் கூடாது. (வழக்கமான அளவு 16 படி. வழியில் கழிவு உண்டு என்பதற்கு ஒரு சலுகை.) கள்ள எடைக்கற்களை உடைத்துப் புதிது செய். குடியானவர் கல்யாணத்துக்குக் கட்டும் பணம் ஒரு பொற்காசைத் தாண்டக் கூடாது. அறுவடைக்கு முன்பே வரியின் முதல் தவணை கேட்பதால் அவர்கள் வட்டிக்காரனிடம் போய் விழுகிறார்கள். அந்தத் தொகையைத் திருச்சபைப் பணத்திலிருந்து கடனாகக் கொடு, அவர்களால் முடிந்தபோது சிறுகச் சிறுக வாங்கிக்கொள். இழிவான லாபத்தால் திருச்சபையின் பை அழுக்காக வேண்டாம்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த வரி. இந்தக் கடிதத்தை எல்லாப் பண்ணைகளிலும் குடியானவர்களுக்குப் படித்துக் காட்டு, நகலும் கொடு. யாராவது அடாவடி செய்தால் எதைக் காட்டித் தற்காத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். உத்தரவு போடும் முதலாளிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. உத்தரவின் நகலை குடியானவன் கையில் கொடுக்கச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு கடிதத்தில், சிசிலியில் குதிரை மேய்ப்பவர்களுக்கு 60 பொற்காசு செலவு, ஆனால் குதிரைகளால் 60 வெள்ளிக்காசுகூட வரவில்லை என்று கணக்குக் காட்டுகிறார். இளம் பெட்டைக் குதிரைகளில் 400-ஐ இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்கச் சொல்கிறார். அதே பேதுருவுக்கு ஒரு குத்தலும் உண்டு: ஒரு மோசமான குதிரையும் ஐந்து நல்ல கழுதைகளும் அனுப்பியிருக்கிறாய், குதிரையில் ஏற முடியாது, ஏனென்றால் அது மோசம், கழுதைகளில் ஏற முடியாது, ஏனென்றால் அவை கழுதைகள். நோயும் போரும் நெருக்கிய காலத்தில் எழுதியது என்று தெரிந்துகொண்டு படித்தால் இன்னும் சுவை கூடும்.

வந்த வருமானம் எங்கே போனது?

கணக்கேட்டில் பெயர் இருந்தவர்களுக்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் இவர் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் யோவான், உதவி பெற்றவர்களின் பெயர், வயது, தொழில், பெற்ற தொகை எல்லாம் அடங்கிய பெரிய ஏடு போப்பின் இருப்பிடமான லாத்தரன் மாளிகையில் இருந்தது என்கிறார். மாதத்தின் முதல் நாளில் தானியமும் பருவத்துக்கேற்ற பண்டங்களும். நோயாளிகளுக்குத் தெருத்தெருவாகச் சமைத்த உணவு. ஒரு சந்தில் பிச்சைக்காரர் ஒருவர் இறந்துகிடந்ததை அறிந்து, தானே கொன்றதுபோல் வருந்தி, சில நாட்கள் திருப்பலி நிறைவேற்றாமல் இருந்தார் என்பதும் யோவான் சொல்வது.

யோவான் 270 ஆண்டு பிந்தியவர். ஆகவே கடிதத்துக்கே போவோம். பேரரசரின் சகோதரி தெயோக்திஸ்தா 30 ராத்தல் பொன் அனுப்பியதற்கு நன்றி சொல்லும் கடிதத்தில், ரோமில் கன்னியர் 3,000 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆண்டுக்கு 80 ராத்தல் பொன் திருச்சபை கொடுக்கிறது, போதவில்லை என்று எழுதுகிறார். வந்த பொன்னில் பாதியை லொம்பார்டியர் பிடித்துப்போனவர்களை மீட்கவும், பாதியைக் குளிரில் நடுங்கும் கன்னியருக்குப் படுக்கைத் துணி வாங்கவும் ஒதுக்கினார்.

லொம்பார்டியரோடு அவரே சமாதானம் பேசினாரா? அது பேரரசர் வேலையல்லவா?

வேலை பேரரசருடையது, சாவு ரோமருடையது. 593-இல் லொம்பார்டிய அரசன் ஆகிலுல்ப் நகரை முற்றுகையிட்டான். அப்போது கிரகோரியார் எசேக்கியேல் நூலைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கை வெட்டப்பட்டவர்கள் திரும்பி வருகிறார்கள், சிலர் பிடிபட்டார்கள் என்ற செய்தி வருகிறது, இனி என்னால் தொடர முடியாது என்று நிறுத்திவிட்டார். ரோமர்கள் கழுத்தில் கயிறு கட்டி நாய்களைப்போல் பிரான்சுக்கு விற்க இழுத்துச்செல்லப்பட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பேரரசர் மவுரிசுக்கு எழுதினார். பொன் கொடுத்து முற்றுகையை விலக்கினார். ரவேன்னாவில் பேரரசருக்கு ஒரு படைப் பொக்கிஷதாரர் இருப்பதுபோல் இங்கே லொம்பார்டியருக்குப் படியளக்கும் பொக்கிஷதாரர் நான் என்று பேரரசிக்குக் கசப்போடு எழுதியிருக்கிறார்.

சமாதானம் பேசியதற்காக மவுரிஸ் அவரை ‘வெகுளி’ என்றார். முட்டாள் என்பதன் நாகரிகமான வடிவம் அது என்று கிரகோரியார் புரிந்துகொண்டு, அதையே எடுத்துவைத்து 595-இல் பதில் எழுதினார். படிக்கவேண்டிய கடிதம், பணிவான சொற்களில் அவ்வளவு கோபம். 598-இல் ஒருவழியாகப் போர்நிறுத்தம் வந்தது. லொம்பார்டிய அரசி தெயோதலிந்தா கத்தோலிக்கர். அவரோடு கிரகோரியார் விடாமல் வைத்திருந்த கடிதப் போக்குவரத்துக்கு இதில் பங்குண்டு.

கொலைகாரப் பேரரசனை வாழ்த்தினார் என்கிறார்களே?

வாழ்த்தினார். 602-இல் போக்காஸ் என்ற படை அதிகாரி கலகம் செய்து, மவுரிசின் கண்முன்னால் அவர் மகன்களைக் கொன்று, பிறகு அவரையும் கொன்றான். மவுரிசின் ஒரு பிள்ளைக்குக் கிரகோரியார் ஞானத்தகப்பன். அப்படியிருந்தும் 603-இல் போக்காசுக்கு அவர் எழுதிய கடிதம் ‘உன்னதங்களிலே கடவுளுக்கு மகிமை’ என்று தொடங்குகிறது.

புது ஆட்சியை ஏற்பது அன்றைய முறைமை, ரோமின் பாதுகாப்பு முக்கியம், மவுரிஸ் மேல் பழைய மனத்தாங்கல் என்றெல்லாம் சமாதானம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஏற்பதற்கு அந்தப் பாட்டு வரி தேவையில்லை. இந்த ஒரு கடிதத்தை எழுதாமல் இருந்திருக்கலாம்.

‘அனைத்துலகப் போப்’ என்று அழைக்கப்படுவதை மறுத்தது இவரா?

இவரேதான். கான்ஸ்டான்டிநோபிள் குலப்பிதா நான்காம் யோவான் ‘அனைத்துலகக் குலப்பிதா’ என்று போட்டுக்கொண்டதை ஆணவம் என்று 595 முதல் எதிர்த்தார். அலெக்சாந்திரியாவின் குலப்பிதா எவுலோஜியுஸ் மரியாதைக்காக இவரையே ‘அனைத்துலகப் போப்’ என்று எழுதியபோது, அந்தச் சொல் வேண்டாம், என் சகோதரரின் கனமே என் கனம் என்று 598-இல் பதில் போட்டார். ‘கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன்’ என்று கையெழுத்திட்டார். போப்புகள் இன்றும் அந்தப் பட்டத்தை வைத்திருக்கிறார்கள். அதற்காக ரோமின் முதன்மையை அவர் விட்டுக்கொடுத்தார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல்முறையீடு ரோமுக்கு வரும் என்பதில் அவர் இம்மியும் அசையவில்லை.

இங்கிலாந்துக்கு மறைப்பணியாளரை அனுப்பியது அடிமைச் சிறுவரைச் சந்தையில் பார்த்ததாலா?

ரோமின் சந்தையில் வெளிறிய நிறத்துச் சிறுவர்களைப் பார்த்து, ‘ஆங்கிலர்’ என்று கேட்டதும் ‘தேவதூதர்கள் என்று சொல்லலாம்’ என்றாராம். லத்தீனில் இரண்டு சொல்லும் ஒலியில் நெருங்கியவை. பீட் என்ற துறவி 731-இல் முடித்த வரலாற்றில் இதைச் சொல்கிறார். செவிவழிச் செய்தி என்றும் அவரே நேர்மையாகக் குறிப்பிடுகிறார்.

கடிதம் என்ன சொல்கிறது? 595 செப்டம்பரில், கால் நாட்டுப் பண்ணைகளுக்குப் பொறுப்பாகப் போகும் கந்திதுஸ் என்ற குருவுக்கு எழுதுகிறார்: அங்கே வசூலாகும் காசு எங்கள் ஊரில் செல்லாது, ஆகவே அங்கேயே செலவழி. ஏழைகளுக்குத் துணி வாங்கு. 17, 18 வயது ஆங்கிலப் பையன்களை விலைக்கு வாங்கு, மடங்களில் வளரட்டும். செல்லாக்காசை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துகூட இவருக்கு ஒரு மறைப்பணித் திட்டம் கிளைக்கிறது!

596-இல் தன் மடத்துத் துணைத்தலைவர் அகுஸ்தீனை அனுப்பினார். (ஹிப்போவின் அகுஸ்தீனார் வேறு, அவர் 430-லேயே இறந்தவர்.) வழியில் பயந்துபோய்த் திரும்ப அனுமதி கேட்டார்கள், கிரகோரியார் தரவில்லை. 597-இல் சுமார் நாற்பது பேர் கென்ட் கரையில் இறங்கினார்கள். அரசர் எத்தெல்பெர்ட்டின் மனைவி பெர்த்தா பிராங்கிய நாட்டுக் கிறிஸ்தவர் என்பது பெரிய உதவி. அந்தக் கிறிஸ்துமசில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று எவுலோஜியுசுக்கு எழுதினார், ‘அனைத்துலகப் போப் வேண்டாம்’ என்ற அதே கடிதத்தில்.

601-இல் ஒரு மனமாற்றம். சிலை வணங்கும் கோவில்களை இடித்துவிடுங்கள் என்று அரசருக்கு எழுதியவர், சில வாரத்தில் மெல்லித்துஸ் என்ற துறவிக்கு வேறு மாதிரி எழுதினார்: யோசித்துப் பார்த்தேன், கோவில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றி, தீர்த்தம் தெளித்து, பீடம் வையுங்கள். மாடு பலியிட்ட இடத்தில் திருநாளன்று மாட்டுக்கறி விருந்து வைக்கட்டும். உச்சிக்கு ஏறுபவன் படிப்படியாகத்தான் ஏறுவான், தாவி ஏறமாட்டான். பிற்காலத்தில் மறைப்பணியில் உள்ளூர் வழக்கங்களை எவ்வளவு ஏற்கலாம் என்ற விவாதம் எங்கே எழுந்தாலும் இந்தக் கடிதம் மேற்கோளாக வந்துவிடும்.

யூதர்களிடமும் அடிமைகளிடமும் எப்படி நடந்துகொண்டார்?

அவர் காலத்து அளவுகோலில் யூதர்களுக்கு நியாயம் செய்தவர். கட்டாயத் திருமுழுக்கு கூடாது என்று 591-இல் ஆர்ல், மர்சேய் ஆயர்களுக்கு எழுதினார். பலெர்மோ ஆயர் யூதர்களின் தொழுகைக்கூடங்களைப் பறித்துக் கோவிலாக அர்ச்சித்துவிட்டபோது, திருப்பித்தர முடியாது என்றால் விலையைக் கொடு, புத்தகங்களையும் சாமான்களையும் திருப்பிக்கொடு என்று தீர்ப்பளித்தார். 598-இல் எழுதிய இந்த வழக்குக் கடிதத்தின் தொடக்கச் சொற்கள், பிற்காலப் போப்புகள் யூதர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு ஆணைக்கே பெயராயின. அதே சமயம் சிசிலிப் பண்ணைகளில் மதம் மாறும் யூதருக்குக் குத்தகையைக் குறைக்கவும் சொன்னார். தகப்பன் மனமில்லாமல் வந்தாலும் பிள்ளைகள் நல்ல விசுவாசிகளாக வருவார்கள் என்பது அவர் கணக்கு.

சார்தீனியாவில் இன்னும் சிலை வணங்கும் குடியானவர்களுக்கு நேர் எதிர்: குத்தகையை ஏற்று, அடிமையாக இருந்தால் அடி, சுதந்திர மனிதனாக இருந்தால் சிறை. படியளவில் அவ்வளவு கருணை காட்டிய கைதான் இதையும் எழுதியது. திருச்சபையின் நிலத்தில் அடிமைகள் இருந்தார்கள். மொந்தானா, தோமா என்ற இருவரை விடுவிக்கும் 595-ஆம் ஆண்டுக் கடிதத்தில், இயற்கை சுதந்திரராகப் படைத்தவர்களை மனிதச் சட்டம்தான் அடிமையாக்கியது என்று அழகாக எழுதினார். ஆனால் அடிமை முறையை அவர் ஒழிக்க முயலவில்லை.

கிரகோரியன் பாடலை இயற்றியவர் இவரா?

இல்லை. தோளில் புறா அமர்ந்து காதில் ராகம் சொல்லும் படம் பின்னாளையது. அந்த இசை இன்றைய வடிவத்துக்கு வந்தது எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பிராங்கிய நாட்டில். இவர் பாடலைப் பற்றிச் செய்த உறுதியான காரியம் ஒரு தடை! குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காகவே திருத்தொண்டர்களைத் தேர்கிறார்கள், அவர்கள் பிரசங்கத்தையும் தருமத்தையும் விட்டுவிட்டுக் குரலைப் பேணுகிறார்கள் என்று கண்டித்து, திருத்தொண்டர்கள் நற்செய்தியைத் தவிர வேறெதுவும் பாடக் கூடாது என்று 595-ஆம் ஆண்டு ரோம் சங்கத்தில் விதித்தார்.

மகதலா மரியாவைப் பாவியாக்கியது இவர் என்பது சரியா?

பெரும்பாலும் சரி. லூக்கா 7-இல் வரும் பெயரில்லாத பாவிப் பெண், பெத்தானியா மரியா, மகதலா மரியா மூவரும் ஒருவரே என்று ஒரு பிரசங்கத்தில் சேர்த்துச் சொன்னார். அவருக்கு இருந்த மதிப்பால் மேற்குத் திருச்சபை முழுவதும் அது பரவியது. கிழக்குத் திருச்சபை ஏற்கவில்லை. 1969-இல் கத்தோலிக்க நாட்காட்டி திருத்தப்பட்டபோது அந்தக் கலப்பு கைவிடப்பட்டது. அவர் சொல்ல வந்தது மனந்திரும்பியவரின் அன்பைப் பற்றி. கேட்டவர்கள் மனதில் தங்கியது பாவம் மட்டும்.

தலையான பாவங்கள் ஏழு?

பாலைவனத் துறவிகள் எட்டு என்று எண்ணிவந்ததை இவர் மாற்றியமைத்தார். அகங்காரத்தைத் தாய்வேராக வெளியே வைத்து, அதிலிருந்து கிளைக்கும் ஏழாகப் பிரித்தார்: வீண்பெருமை, பொறாமை, கோபம், சோகம், பேராசை, பெருந்தீனி, காமம். நாம் மனப்பாடம் செய்யும் பட்டியல் பின்னால் மேலும் மாறியது.

இறந்தவருக்கு முப்பது நாள் ‘கிரகோரியன் பூசை’ வைக்கிறோமே, அது இவரோடு தொடர்புடையதா?

நேரடித் தொடர்புதான். தமிழகப் பங்குகளிலும் குடும்பங்கள் கேட்டு நிறைவேற்றும் இந்த வழக்கத்தின் வேர் இவருடைய ‘உரையாடல்கள்’ நூலின் நான்காம் புத்தகத்தில் இருக்கிறது.

இவர் மடத்தில் யுஸ்துஸ் என்று மருத்துவம் தெரிந்த துறவி. சாகக்கிடக்கையில் அவர் மூன்று பொற்காசுகளை மறைத்துவைத்திருப்பது தெரியவந்தது. மடத்தில் எல்லாம் பொது. யாரும் அவர் அருகே போகக் கூடாது என்று கிரகோரியார் உத்தரவிட்டார். இறந்ததும் உடலைக் குப்பைமேட்டில் குழிதோண்டிப் புதைத்து, காசுகளை மேலே எறிந்து, ‘உன் பணம் உன்னோடு நாசமாய்ப் போகட்டும்’ என்று துறவிகள் சொல்ல வேண்டும் என்றார். படிக்கும்போது உடம்பு கூசுகிறது. முப்பது நாள் கழித்து இவருக்கே மனம் தாளவில்லை. இன்று முதல் முப்பது நாள் இடைவிடாமல் அவருக்காகப் பலி ஒப்புக்கொடுங்கள் என்றார். அது முடிந்த நாளில் யுஸ்துஸ் தன் சகோதரர் கோப்பியோசுசுக்குத் தோன்றி, இதுவரை பட்டது போதும், இப்போது நலம் என்று சொன்னாராம்.

அந்த நூலின் இரண்டாம் புத்தகம் முழுவதும் புனித பெனதிக்துவின் வாழ்க்கை. அவரைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. கிரேக்கத் திருச்சபையில் இவருக்கு ‘உரையாடல் கிரகோரி’ என்றே பெயர்.

கோவிலில் சுரூபமும் படமும் பற்றி என்ன சொன்னார்?

மர்சேய் ஆயர் செரேனுஸ், மக்கள் வணங்குகிறார்கள் என்று படங்களை உடைத்தெறிந்தார். வணங்கக் கூடாது என்றது சரி, உடைத்தது தவறு, எழுத்துத் தெரியாதவர் சுவரைப் பார்த்துப் படிக்கட்டும் என்று இவர் கண்டித்தார்.

உடல்நிலை?

மோசம். வயிற்றுக் கோளாறு, மூட்டுவாதம், காய்ச்சல். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டாகப் படுக்கையில் இருக்கிறேன், திருநாட்களில்கூட மூன்று மணி நேரம் எழுந்திருப்பது பாடாக இருக்கிறது என்று 600-இல் எழுதினார். கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. 604 மார்ச் 12 அன்று இறந்தார். கல்லறை வாசகம் அவரைக் ‘கடவுளின் கான்சுல்’ என்கிறது. மடத்தை நாடி ஓடியவருக்கு, கடைசியில் ரோமின் பழைய அரசுப் பட்டம்!

இறந்தவுடனே புனிதராகக் கொண்டாடினார்களா?

ரோமில் இல்லை. பஞ்சம் வந்தது. அடுத்த போப் சபினியானுஸ் தானியத்தை இலவசமாகக் கொடுக்காமல் விற்றார். களஞ்சியம் காலியானதற்குக் கிரகோரியாரின் தாராளம்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. ஒரு கூட்டம் அவர் நூல்களை எரிக்கக் கிளம்பியதாகவும் நண்பர் பேதுரு தடுத்ததாகவும் திருத்தொண்டர் யோவான் எழுதுகிறார். சபினியானுசும் மக்கள் வெறுப்பைச் சம்பாதித்தார். அவர் சவ ஊர்வலத்தை நகர்த் தெருவைத் தவிர்த்து மதிலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது.

இவருடைய முதல் வாழ்க்கை வரலாறு ரோமில் எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்து நூறாண்டு கழித்து, வட இங்கிலாந்தின் விட்பி மடத்தில், பெயர் தெரியாத ஒருவர் எழுதினார். சொந்த ஊர் மறந்தவரை அவர் கண்ணால் பார்த்திராத நாடு நினைவில் வைத்திருந்தது. ரோம் பிறகு விழித்துக்கொண்டது: 1295-இல் எட்டாம் போனிபாஸ் இவரை அம்புரோஸ், எரோனிமுஸ், அகுஸ்தீனார் ஆகியோரோடு மறைவல்லுநர் என்று அறிவித்தார்.

திருநாள் எப்போது?

கத்தோலிக்கத் திருச்சபையில் செப்டம்பர் 3, பதவியேற்ற நாள். 1969 வரை மார்ச் 12. கிழக்குத் திருச்சபைகள் இன்றும் மார்ச் 12-இல் கொண்டாடுகின்றன.

அவரைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

கடிதங்களில். மொராலியாவைத் தொட வேண்டாம், மலைத்துப்போவீர்கள். சிசிலிப் பேதுருவுக்கு எழுதியவற்றை முதலில் எடுங்கள். பிறகு மவுரிசுக்கு எழுதிய 595-ஆம் ஆண்டுப் பதில், மெல்லித்துசுக்கு எழுதியது. குருக்களும் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களும் ‘மேய்ப்புப் பணி விதி’யின் மூன்றாம் பகுதியைப் பார்க்கலாம். ஏழைக்கு ஒரு விதமாக, பணக்காரனுக்கு ஒரு விதமாக, வாயாடிக்கு, வாய்பேசாதவனுக்கு, கோபக்காரனுக்கு என்று யாரிடம் எப்படிப் பேசுவது என்பதை ஆள் ஆளாகப் பிரித்து எழுதியிருக்கிறார். ஆங்கிலேய அரசர் ஆல்பிரெட் 890-களில் அதைத் தன் மொழிக்குக் கொண்டுவந்து, தன் நாட்டு ஆயர்களுக்குப் பிரதி அனுப்பினார்.